ஆறு முட்டைக் கடன்

மானத்தின் விலை என்ன என்று கேட்டால் வக்கீல் யோசிக்காமல் சொல்லுவாள்: ஆறு முட்டை.

வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல் இல்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண். வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால் தெருவே அவளுக்கு வைத்த பெயர் அது.

அவள் கெஞ்சிக் கூத்தாடியதில் அப்பா மூன்று கோழிகளை வாங்கிவந்தார். வீட்டின் பின்புறம் ஒரு கூண்டும் அடித்துக் கொடுத்தார்.

"எல்லாம் இளங்கோழி. முட்டை போட இன்னும் ஒரு மாசமாவது ஆகுமாம்," என்றார்.

கோழிகள் வந்த பிறகுதான் வக்கீலுக்கு ஓர் உண்மை தெரிந்தது. அவளுக்குக் கோழி என்றால் பயம்! அந்த அலகும், அந்த நகமும், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிற பார்வையும்! அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் தீனி போடப் போவாள். அதையும் தூர நின்றே வீசுவாள். பாதி தீனி மதில் சுவரைத் தாண்டிப் போய்விடும்.

வெளியில் பேச்சு மட்டும் வேறு மாதிரி.

எதிர்க்கடைத் தையல்கார மாமா, அவளுடைய பள்ளிப் பையின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டே கேட்டார். "கோழியெல்லாம் எப்படி இருக்கு, வக்கீலம்மா?"

"நான் கைதட்டினா வரிசையா வந்து நிக்கும், மாமா."

"அடேயப்பா! முட்டை?"

"தினமும் போடுதே! நீங்க தைக்கிறதுக்குக் கூலியா ஆறு முட்டை தரேன். நாளைக்குக் காலையிலேயே!"

"பேச்சு மாறக் கூடாது."

"மாறவே மாறாது!"

சொல்லிவிட்டாள். சொன்னது அவள், முட்டை போட வேண்டியது கோழி. கோழியை யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் உண்டியல் காலியானது. மூலைக்கடையில் ஆறு முட்டை வாங்கினாள். காலைக்குள் கெட்டுப்போய்விட்டால்? அதனால் ஃபிரிட்ஜின் அடித்தட்டில், முட்டைக்கோஸுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். விடிந்ததும் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"இந்தாங்க மாமா. இப்பத்தான் போட்டுச்சு!"

மாமா ஒரு முட்டையை உள்ளங்கையில் வாங்கினார். முட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர், வாயை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார்.

தப்பித்தோம் என்று நினைத்தாள். ஆனால் தைத்த பை தோளில் ஏறியதும் கனத்தது. உள்ளே அதே புத்தகங்கள்தான். மாமா அந்த வாரை மூன்று தையல் போட்டுத் தைத்திருந்தார். அவள் கொடுத்தது ஒரு பொய்.

ஒரு நாள் வக்கீல் கடையைத் தாண்டிப் போனபோது, அங்கே துணி கொடுக்க வந்திருந்த பக்கத்துத் தெரு அத்தை, "இந்தப் பொண்ணு வீட்டு முட்டை எனக்கும் சொல்லி வைங்க," என்றார்.

"அந்தக் கோழிங்க ரொம்பக் குளுமையான கோழிங்க. கொஞ்ச நாள் போகட்டும்," என்றார் மாமா.

வக்கீலுக்கு ஒன்றும் புரியவில்லை. காது மட்டும் சூடானது. மறுநாள் முதல் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

மாதம் ஒன்று போனது. ஒரு காலையில் கறுப்புக் கோழி வைக்கோலில் உட்கார்ந்தபடி கொக்கரித்தது. பிறகு எழுந்து, ஹெல்மெட் போட்டிருந்த வக்கீலை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்தது.

வைக்கோலில் சின்னதாக ஒரு முட்டை!

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். கோழி கொத்தவில்லை. முட்டை கைக்கு வந்தது. அப்போதே வடித்த சோறு போல, கதகதவென்று சூடாக இருந்தது.

சூடாக!

வக்கீலின் கை அப்படியே நின்றது. அன்று மாமாவிடம் "இப்பத்தான் போட்டுச்சு" என்று கொடுத்த முட்டைகள்? ஐஸ் மாதிரி இருந்தனவே!

'அப்போ மாமாவுக்கு அன்னிக்கே தெரியும்!'

கூண்டுக்குள்ளேயே புகுந்து கோழிகளோடு குடியிருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் முட்டை ஆறிக்கொண்டே இருந்தது. அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடினாள்.

கடையில் அதே அத்தை இருந்தார். பிறகு வரலாமா? முட்டை ஆறிவிடுமே!

"மாமா, அன்னிக்குக் கொடுத்தது கடையில வாங்கினது. என் கோழி போடல. கைதட்டினா வராது. எனக்குக் கோழின்னா பயம்," என்று மூச்சுவிடாமல் சொல்லி, முட்டையை நீட்டினாள். "இதுதான் நிஜமா போட்டது. தொட்டுப் பாருங்க!"

மாமா தொட்டார். கன்னத்தில் வைத்தும் பார்த்தார்.

"சரிதான். அன்னிக்கு நான், ஃபிரிட்ஜுக்குள்ளேயே குடியிருக்கிற கோழி போலன்னு நெனச்சேன்."

அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். வக்கீல் தரையைப் பார்த்தாள்.

"அன்னிக்கே ஏன் கேக்கல, மாமா?"

"கேட்டா நீ இன்னொண்ணு சொல்லுவ. அதையும் உக்காந்து கேக்கணும். கையில அவசர வேலை இருந்துச்சு." அவர் முட்டையைத் திருப்பி நீட்டினார். "அந்த ஆறையும் நான் தின்னாச்சு. கணக்கு முடிஞ்சுபோச்சு. இது உன்னோடது."

"முடியல மாமா. எங்க வீட்டுக் கோழி முட்டைன்னுதானே பேச்சு?"

"அப்போ தின்ன ஆறு?"

வக்கீல் கொஞ்சம் யோசித்தாள்.

"அது பொய்க்கு வட்டி."

மாமா சிரித்த சிரிப்பில் தையல் எந்திரத்தின் மேலிருந்த ஊசி டப்பா உருண்டது. "வக்கீல்னு சும்மாவா பேர் வெச்சாங்க!"

துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை அவளிடமே கொடுத்தார். வெட்டும் மேசையின் ஓரத்தில் வக்கீல் பெரிய எழுத்தில் எழுதினாள்:

தரவேண்டிய முட்டை ஆறு. தந்தது ஒன்று, சூடாக. பாக்கி ஐந்து.