சைகோன் செண்டு

முறத்தில் கொட்டிய அரிசி கொட்டியபடியே கிடந்தது. கல் பொறுக்கித் தருகிறேன் என்று காலையில் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட மாமி சைதுன் பீவி, முற்றத்தை ஒட்டிய தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வலது மணிக்கட்டை மூக்கோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஐப்பசி மழை ஓட்டு விளிம்பிலிருந்து முற்றத்துக்குள் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. சாரல் பட்டு அவள் புடவை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அதுகூட அவளுக்குத் தெரிந்ததாக இல்லை.

“மாமி, ஒல கொதிச்சிருச்சு. அரிசி போடணும்” என்றாள் சலீமா.

மாமி கண்ணைத் திறப்பதற்குள் உலைநீர் பொங்கி அடுப்பில் வழிந்து சீறிவிட்டது.

“இன்னும் போவல, பாத்தியா?” என்று கையை நீட்டினாள். “ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வச்சது.”

சலீமா குனிந்து முகர்வது போலப் பாவனை செய்தாள். அரை வருஷத்துக்கு முன்னால் வைத்த ஒரு சொட்டு செண்டு. தினமும் ஐந்து வேளை ஒளு செய்து கழுவுகிற கை. வெள்ளி தவறாமல் சீயக்காய் போட்டுத் தேய்க்கிற கை. அதில் எப்படி நிற்கும்? ஆனால் நிற்கிறதா இல்லையா என்று சொல்ல அவளால் முடியாது. போன வருஷம் வந்த டைபாய்டு அவள் உயிரை விட்டுவிட்டு மூக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அதற்குப் பிறகு பூவும் கருவாடும் அவளுக்கு ஒன்றுதான். வெங்காயம் சிவந்ததைக் கண்ணால் பார்த்தும், தாளிப்பு அடங்கியதைக் காதால் கேட்டும் சமைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு செத்தவள் கையால் சாப்பிடுவானேன் என்று மாமி முகம் சுளிப்பாளோ என்ற பயம்.

செண்டு பாட்டிலைக் கொண்டுவந்தது மாமியின் மகன், அவள் கணவன் அப்துல் முத்தலிப். சைகோனில் ஜவுளிக்கடை ஒன்றில் வருஷக்கணக்காக இருந்தவன், அங்கே சண்டை முற்றியதும் மூட்டை கட்டிக்கொண்டு கடலூர் முதுநகருக்கே வந்துவிட்டான். பெட்டியில் பட்டுத்துணிகளுக்கு நடுவே, கம்பளித் துணியில் சுற்றியபடி அந்தப் பாட்டில். கழுத்து நீண்ட கண்ணாடி. மேலே ஒட்டிய காகிதத்தில் வெளிறிப்போன வெள்ளைப் பூக்கள். வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரியின் சாமான்களைத் தெருவில் வைத்து விற்றபோது வாங்கினானாம்.

“அந்தம்மாவோட அம்மா காலத்து செண்டாம் இது. இன்னும் மணம் எறங்கல பாரு” என்று பெருநாளன்று எல்லோர் கையிலும் ஒரு சொட்டு வைத்தான். அது தாழம்பூ என்றான் அவன். மனோரஞ்சிதம் என்றாள் மாமி. பெருநாள் விருந்துக்கு வந்திருந்த அடுத்த வீட்டு ஞானாம்பாள், தன் கல்யாண மாலை மணக்கிறது என்று சொல்லிக் கண் கலங்கினாள். எல்லோரும் சலீமாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

“நல்லாருக்கு மச்சான்” என்றாள் சலீமா.

மழை பிடித்துக்கொண்டதிலிருந்துதான் வீடு மாறிப்போனது. முறத்தை முதலில் மறந்த மாமி, அப்புறம் சோற்றை மறந்தாள். பாங்கு சொல்வது காதில் விழுந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஓயாமல் மூக்கில் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டுத் தோல் சிவந்து, பிறகு உரிந்து, உள்ளே இளஞ்சதை தெரிந்தது. சலீமா மஞ்சளும் எண்ணெயும் குழைத்து எடுத்துக்கொண்டு போனால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“வேணாம் புள்ள. மஞ்ச வாசன இதக் கெடுத்துரும்.”

முத்தலிப் ஊருக்கு வந்து போட்டிருந்த கடையைத் திறக்கப் போவதை நிறுத்திவிட்டான். பாட்டில் இருந்த கூடத்து அலமாரிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மோவாயைச் சற்றே உயர்த்தி, தூரத்துப் பாட்டைக் கேட்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஞானாம்பாள் காலையில் மோர் கேட்டு வருவாள். மோரை வாங்காமல், கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, விளக்கு வைக்கும்வரை இருப்பாள். மூன்று பேர் மூச்சிழுக்கும் சத்தமும், மழையும், உப்பனாற்றில் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தமும் மட்டும் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தன.

சலீமாவால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அவன் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

“மச்சான், எனக்கு மூக்கு போயி ஒரு வருஷம் ஆச்சு. ஒண்ணும் மணக்காது. நீங்க எல்லாரும் என்னாதான் பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியல. பயமா இருக்குது.”

கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் அவள் தலையைத் தடவினான்.

“அய்யோ பாவமே. ஒனக்கு மட்டும் இல்லாமப் போச்சே” என்றான். அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தன.

அன்று மத்தியானம் அவன் அசந்த நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தாள். பாட்டில் காலி. சொட்டுகூட இல்லை. அடியில் கறுப்பாகக் காய்ந்துபோன படிவத்தின் மேல் தூசி படிந்திருந்தது. மூடி எப்போதோ விரிசல் விட்டிருந்தது. போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு மழையோடு மழையாக ஆற்றங்கரைக்கு ஓடினாள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவள் கடந்து போகும்போது ஒருவர் பின் ஒருவராகத் தலை தூக்கினார்கள். அவள் பாட்டிலை முடிந்த மட்டும் வீசி எறிந்தாள். கலங்கல் நீர் அதை விழுங்கிக்கொண்டது.

திரும்பி வந்தபோது முத்தலிப் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். வெகு நாளைக்குப் பிறகு சிரித்த முகம்.

“எறிஞ்சிட்டியா? நல்லதாப் போச்சு” என்றான். “இனிமே அது பாட்டிலுக்குள்ள அடஞ்சி கெடக்க வேண்டியதில்ல பாரு.”

மறுநாள் காலை ரயிலில் சலீமா சிதம்பரம் புறப்பட்டாள். அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே துணை, மேலவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணன் ஜமாலுதீன். அண்ணன் வந்து ஒரு சத்தம் போட்டால் போதும், வீடு விழித்துக்கொள்ளும் என்று நம்பினாள்.

பெண்கள் பெட்டியில் சன்னலோரமாக உட்கார்ந்தாள். ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் கவனித்தாள், பெட்டிக்குள் பேச்சே இல்லை. புதுச்சத்திரத்தில் மீன் கூடைகளோடு ஏறிய கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அவள் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே இருந்தது. எல்லோருக்கும் அது தெரிகிறது. யாரும் உட்காரவில்லை.

“ஒக்காருங்கம்மா” என்றாள் சலீமா, எதிரில் நின்ற மீன்காரக் கிழவியிடம்.

கிழவி சிரித்தாள். “இருக்கட்டும்மா. என்னா வாசன! என் கூடையில இருக்குற மீனுகூட மணக்குதே” என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்து, காலியாக இருந்த பலகைக்கு மேலே, ஓர் ஆளின் கழுத்து இருக்க வேண்டிய உயரத்தில் முகத்தை வைத்து, ஆழமாக மூச்சிழுத்தாள்.

சலீமா சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பரங்கிப்பேட்டை. கிள்ளை. நெல் வயல்களும் தண்ணீரும் பின்னால் ஓடின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜமாலுதீன் அவளைக் கண்டதும் பதறிப்போய் எழுந்து வந்தான். அவள் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்கக் கேட்க அவன் முகம் சிவந்தது.

“மச்சானுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பொம்பளப் புள்ளய இப்பிடித் தனியா அலைய விட்டுட்டு… இப்பவே வர்றேன். ஒரு டாக்டரப் பாத்து, ரெண்டு பேரயும்…”

நிறுத்திவிட்டான்.

மோவாய் மெல்ல உயர்ந்தது. அவள் இடது தோளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான். அவன் கையிலிருந்த செம்பு நழுவிக் கருங்கல் தரையில் விழுந்து உருண்டது. அதன் சத்தம் அடங்கி வெகு நேரத்துக்குப் பிறகும் அவன் இமைக்கவில்லை.

“வா, போவலாம்” என்றான். கடையைப் பூட்டவில்லை.

திரும்பும் ரயிலில் எதிர்ப் பலகையில் உட்கார்ந்து வந்தான்.

“அண்ணே, என்னப் பாருண்ணே” என்று கெஞ்சினாள் சலீமா. “எங்கிட்ட எதுனா பேசுண்ணே.”

“ஒன்னத்தானம்மா பாத்துக்கிட்டிருக்கேன்” என்றான் அவன், அவள் பக்கத்துக் காலி இடத்திடம்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மழை விட்டிருந்தது. வாசலில் செருப்புகள். அவள் தெருவில் இருக்கிற எல்லா வீட்டுச் செருப்புகளும். யாரும் விளக்கேற்றவில்லை. உள்ளே மனிதர் அரவம் இல்லை. காற்றை இழுக்கும் சத்தம் மட்டும். ஒரே மூச்சாக. எல்லோரும் சேர்ந்து.

ஜமாலுதீன் அவளைத் தாண்டி உள்ளே போனான். கூடத்துச் சுவரோரம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள். மாமி இருந்தாள். முத்தலிப் இருந்தான். ஞானாம்பாள், அவள் வீட்டுக்காரர், பால்காரன், பள்ளிவாசல் தெருப் பெண்கள். கூடத்தின் நடு காலி. எல்லோர் கண்களும் மூடியிருந்தன. எல்லா முகங்களும் வாசலைப் பார்த்திருந்தன.

சலீமா நிலைப்படியில் நின்றாள். திரும்பி ஓடிவிட வேண்டும். ஓடினால் அதுவும் கூடவே வரும்.

முகங்கள் அசைந்தன.

வாசலிலிருந்து மெதுவாக இடப்பக்கம் திரும்பின. யாரோ உள்ளே நடந்து போகிறார்கள். சுவரோரமாக. ஒவ்வொருவராகக் கடந்து. கடக்கும்போது அந்த ஒரு முகம் மட்டும் சற்று மேலே தூக்கியது, சிரித்தது, பிறகு தணிந்தது. ஞானாம்பாள். பால்காரன். முத்தலிப். மாமியிடம் வந்ததும் நின்றது. மாமி புண்ணான மணிக்கட்டை இருட்டுக்கு நீட்டினாள். அந்தக் கை கொஞ்ச நேரம் ஏந்தப்பட்டபடி நின்றது.

பிறகு மடியில் விழுந்தது.

முகங்கள் மறுபடி திரும்பின. கூடத்தின் நடுவை நோக்கி. நடுவிலிருந்து இப்பால். இன்னும் இப்பால்.

“யா அல்லாஹ்” என்றாள் சலீமா.

எல்லா முகங்களும் அவளுக்கு நேரே நின்றன. அவளை அல்ல. அவளுக்கு ஒரு சாண் முன்னால்.

துப்பட்டியை முகத்தின் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வாயை இறுக மூடினாள். மூச்சை அடக்கினாள். இரண்டு கையும் கதவு நிலையைப் பற்றியிருந்தன. நெஞ்சு வலித்தது. காதுக்குள் ரத்தம் இடித்தது. அவள் மூச்சு விடவில்லை. இழுக்கவும் இல்லை.

முகத்தின் மேல் கிடந்த வெள்ளைத் துணி, அவளை விட்டு மெல்ல விலகி, எதிரே இருந்த இருட்டை நோக்கி இழுபட்டது. தளர்ந்து விழுந்தது. மறுபடியும் இழுபட்டது.