சுவரில்லாத அறை

சாய்ந்தமருது கடற்கரையில் இருந்த பழைய மீன் ஏலக் கொட்டகைக்கு நஜ்லா வந்து சேர்ந்தபோது பின்னேர அஸர் தொழுகை முடிந்து கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. சனிக்கிழமை. ஏலம் வேறு இடத்துக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மிஞ்சியது ஆறு தூண்களும் தகரக் கூரையும் சீமெந்துத் தரையும்தான். சுவர் என்று ஒன்று கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரியும், கரையில் ஏற்றிய தோணிகள் தெரியும், காற்று வாங்க வந்த சனம் தெரியும்.

இன்ஸாப் சேர் ஏற்கெனவே கதிரைகளைப் போட்டிருந்தார். தெற்குப் பக்கம் ஆண்களுக்கு இரண்டு, வடக்குப் பக்கம் பெண்களுக்கு இரண்டு. நடுவில் ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தது. "உங்கள் கதையைக் கேட்க இங்கே ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லத் தேவையில்லை. புத்தி சொல்ல மாட்டோம்."

முன்பின் தெரியாதவர்களின் கதையைப் பொது இடத்தில் இருந்து கேட்பது ஆசிரியரான இன்ஸாப் சேரின் யோசனை. சம்பளம் இல்லை, சனிக்கிழமை தோறும் இரண்டு மணித்தியாலம். கேட்பவர்களுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: சொல்பவர் முடிக்கும்வரை எழும்பக் கூடாது.

நஜ்லாவுக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஏழு மாதக் குழந்தை அவள் வயிற்றிலேயே இறந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அதை வெளியே எடுத்தார்கள். கல்முனைக்குடியில் பாதி ஊர் அவள் வீட்டுக்கு வந்தது. எல்லோரும் சபூர் செய், பொறுத்துக்கொள் என்றார்கள். அந்த இரண்டு நாளும் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படி இருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இன்ஸாப் சேர் ஆள் தேடியபோது முதலில் அவள் கையை உயர்த்தினாள்.

முதல் இரண்டு வாரமும் சனம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. மூன்றாவது வாரம் ஒரு பெண் வந்து, மாமியாரைப் பற்றி ஒரு மணித்தியாலம் கொட்டிவிட்டு, "அல்லாஹ், நெஞ்சு லேசாயித்து" என்று சொல்லிப் போனாள். பரீட்சையில் தவறியதை வீட்டில் மறைத்த பிள்ளை ஒன்று வந்தது. இன்னொருத்தி வந்து ஒரு சொல்லும் சொல்லாமல் அழுதுவிட்டுப் போனாள்.

இது ஐந்தாவது வாரம்.

நஜ்லா பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிர்க் கதிரையில் ஒருத்தி இருந்தாள்.

கறுப்பு அபாயா. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். முகத்தில் வெயில் பட்டுப் பல நாள் ஆனதுபோல் ஒரு வெளிறல். மடியில் கோத்திருந்த கைகளின் விரல் நுனிகளில் தோல் உரிந்து வெள்ளையாகக் கிடந்தது. அவள் வந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் அவளோடு ஒரு வாசம் வந்திருந்தது. தரை கழுவும் குளோரின் வாசம்.

"கதைக்கலாமா?" என்று அவள் கேட்டாள்.

"ஓம், கதைங்க தங்கச்சி."

"இடையில எழும்பிர மாட்டீங்களே?"

"நீங்க முடிக்கும்வரைக்கும் இரிக்கன்."

அவள் அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் வைத்துப் பார்ப்பதுபோல் இருந்தாள். பிறகு தொடங்கினாள். நெடுநாள் பாவிக்காத குரல். ஒவ்வொரு சொல்லும் கரகரத்து வந்தது.

"வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனன். ரெண்டு வருசக் கொந்தராத்து. வேல கூடத்தான், ஆனா அடிக்கல்ல, பட்டினி போடல்ல. ரெண்டு வருசமும் முடிஞ்சிது. ஊருக்குப் போகப் போறன், உம்மாவப் பார்க்கப் போறன் எண்டு மேடத்துக்கிட்ட கேட்டன். அதான் நான் செஞ்ச குத்தம்."

"ம்" என்றாள் நஜ்லா.

"ஃபோனப் பறிச்சாங்க. மறுகா ஒரு நாள் எல்லாரும் கலியாணம் ஒண்டுக்கு வேற ஊருக்கு வெளிக்கிட்டாங்க. நான் ஓடிருவன் எண்டு படிக்குக் கீழ இரிக்கிற அறையில போட்டுப் பூட்டினாங்க. சவக்காரம், குளோரின் எல்லாம் அடுக்கி வைக்கிற அறை. ரெண்டு நாளில வந்திருவம் எண்டாங்க."

கடல் இரைச்சல் குறைந்துகொண்டு வந்ததை நஜ்லா அப்போதுதான் கவனித்தாள். அலை கரையில் அடித்து நுரைப்பது கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகத் தூரத்தில் ஏதோ யந்திரம் ஓடும் முனகல் ஒன்று கேட்டது.

காற்றும் நின்றிருந்தது.

"சின்ன அறை, ராத்தா. கைய விரிச்சா ரெண்டு பக்கமும் முட்டும்."

நஜ்லா கதிரையில் கொஞ்சம் நகர்ந்தாள். இடது முழங்கை எதிலோ இடித்தது.

திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மணல், ஒரு தோணி, வலை உலர்த்திய கயிறு. கையை நீட்டினாள். உள்ளங்கை குளிர்ந்த, வழவழப்பான சுவரில் பதிந்தது.

வலது பக்கம் நீட்டினாள். அங்கேயும் சுவர்.

எழும்பினாள். பாதி எழும்பும் முன்பே தலை நங்கென்று மேலே மோதியது. படிக்கட்டின் அடிப்பக்கம்போல் சரிந்த ஏதோ ஒன்று. அவள் மீண்டும் கதிரையில் விழுந்தாள்.

"இன்னும் முடியல்ல" என்றாள் அந்தப் பெண்.

"இன்ஸாப் சேர்!"

நஜ்லா தொண்டை கிழியக் கத்தினாள். இருபது அடி தூரத்தில் ஒரு வயதானவரின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த இன்ஸாப் சேர் தற்செயலாகத் திரும்பினார். அவளைப் பார்த்தார். சிரித்தபடி கையை அசைத்துவிட்டு மறுபடி வயதானவரிடம் திரும்பிக்கொண்டார்.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாய் கையெட்டும் தூரத்தில் நடந்து போனாள். நஜ்லா கண்ணுக்குத் தெரியாத சுவரை இரண்டு கையாலும் அடித்தாள். தாய் திரும்பவில்லை. பிள்ளை மட்டும் நஜ்லாவை உற்றுப் பார்த்து வீரிட்டு அழுதது.

"கேக்காது" என்றாள் அந்தப் பெண், ஆறுதல் சொல்வதுபோல். "எனக்கும் இப்பிடித்தான். ரோட்டால சனம் போற சத்தம் நல்லாக் கேக்கும். நான் தட்டுறது அவங்களுக்குக் கேக்காது."

நஜ்லா கண்களை மூடி, காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினாள். பாதியில் தடுமாறினாள்.

எதிரில் இருந்த குரல் பிழையில்லாமல் தொடர்ந்து ஓதியது.

கடைசிவரை ஓதி முடித்தது.

"நான் அங்க எத்தின தரம் ஓதினன் தெரியுமா?" என்று அது கேட்டது.

நஜ்லா கண்ணைத் திறந்தாள். அந்தப் பெண் முன்னைவிடக் கிட்ட இருந்தாள். இரண்டு பேரின் முழங்காலும் முட்டிக்கொண்டிருந்தன. அபாயாவுக்குள்ளால் அந்த முழங்காலின் எலும்பு மட்டுமே தட்டுப்பட்டது. அவள் முகத்தில் பகை இல்லை. அதுதான் நஜ்லாவை இன்னும் பயமுறுத்தியது. கெஞ்சும் முகம் அது.

"ரெண்டு நாள் போனிச்சு. மூணு நாள் போனிச்சு. ஒரு சின்னப் போத்தல் தண்ணி இரிந்திச்சு. கதவுக்குக் கீழால வெளிச்சம் வரும். அதில வாய வெச்சிக்கொண்டு படுத்தன். காத்து வருமே. உம்மா உம்மா எண்டு கூப்பிட்டன். மறுகா கூப்பிட ஏலாமப் போயித்து."

மூச்சு முட்டியது. வெட்டவெளியில் இருந்துகொண்டு நஜ்லா காற்றுக்கு வாயைத் திறந்தாள். தலை சுற்றியது. இவள் முடிக்கப் போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. இவளுக்கு முடிவே இல்லை. நானும் இங்கேயே கிடக்கப் போகிறேன், சனம் என்னைச் சுற்றி நடந்து போகும்.

குழந்தையைச் சுமந்திருந்த அந்த இரண்டு நாளும் அவளுக்கு நினைவு வந்தது. அப்போது யாராவது ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவள், இப்போது தானே ஒன்று கேட்டாள்.

"உங்கட பேரென்ன, தங்கச்சி?"

"ஸம்றா. மருதமுனை. உம்மாட பேர் மைமூனா." பிறகு அவசர அவசரமாகச் சொன்னாள். "என்னப் பெட்டியில போட்டு அனுப்பினாங்க. திறக்கக் கூடாதெண்டு சொல்லித்தாங்க. உம்மாக்கு ஒண்டும் தெரியா. அவக்குச் சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க, ராத்தா."

"சொல்றன்."

எங்கோ ஒரு திறப்பு பூட்டுக்குள் திரும்பியது.

கடல் இரைச்சல் ஓவென்று காதில் விழுந்தது. காற்று முந்தானையைத் தூக்கியடித்தது. எதிர்க் கதிரை வெறுமையாக இருந்தது.

இன்ஸாப் சேர் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இண்டைக்கு ஒருத்தரும் வரல்லப் போல? நானும் பார்த்தன், ரெண்டு மணித்தியாலமும் தனியத்தான் இரிந்தீங்க." பிறகு அவள் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்ன தங்கச்சி, கையெல்லாம் ரெத்தம்?"

அவளுடைய விரல் முட்டிகளில் தோல் கிழிந்திருந்தது. நகங்களுக்குள் வெள்ளைச் சுவர்ப் பூச்சு அப்பியிருந்தது.

வீட்டுக்குப் போனபின்தான் தான் அந்த அறையிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை என்பது தெரிந்தது. அவளால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. நிமிர்ந்தால் தலை மோதியது. கையை நீட்டிச் சோறு போட முடியவில்லை. முற்றத்தில் நின்றாலும் முழங்கை இடித்தது. "இடுப்புப் பிடிச்சித்தா?" என்று கணவர் கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் காலையே முச்சக்கர வண்டி பிடித்து, குனிந்தபடி மருதமுனைக்குப் போனாள்.

மைமூனாவின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடிக்கக் கஷ்டம் இருக்கவில்லை. பக்கத்து வீடுகளில் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. படலையில் மைமூனாவின் நாத்தனார் சுபைறா நின்றாள்.

"ஸம்றாட மையித்து பெட்டியில வந்து ஒண்டரை வருசம்" என்று சுபைறா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மாரடைப்பு எண்டு கடுதாசியில இரிந்திச்சு. முகத்தக் காட்டாம அடக்கினம். அண்டையிலிருந்து அவ ஆரோடயும் கதைக்கிறல்ல. நாங்களும் அதப் பத்திக் கதைக்கிறல்ல. கதைச்சா நோகுமே."

மைமூனா உள் அறையில் பாயில் இருந்தாள். நஜ்லா அவள் முன்னால் அமர்ந்து, "ஸம்றா அனுப்பினா" என்று மட்டும் சொன்னாள். அந்தத் தாய், நீ யார், அவளை எப்படித் தெரியும் என்று ஒன்றும் கேட்கவில்லை. நஜ்லாவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

நஜ்லா சொல்லத் தொடங்கினாள். கொந்தராத்து. ஃபோன். படிக்குக் கீழே அறை. சொல்லச் சொல்ல அவளுடைய முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. நெஞ்சுக்குள் காற்று இறங்கியது. பெரிய ஆறுதலாக இருந்தது.

அப்போது மைமூனாவின் முழங்கை எதிலோ இடித்தது.

மைமூனா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். சுவர் நாலு அடி தள்ளித்தான் இருந்தது.

நஜ்லாவுக்கு விளங்கிவிட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். உடனே கூரை அவள் தலைமேல் இறங்கியது.

"நான் நிப்பாட்டுறன், உம்மா" என்றாள் அழுகையோடு. "இதக் கேட்டா நீங்களும் அதுக்குள்ள மாட்டிருவீங்க. எழும்பிப் போங்க. இப்பவே போங்க."

மைமூனா எழும்பவில்லை. மூக்கை உயர்த்தி ஒருமுறை மோந்தாள். அறை முழுதும் குளோரின் வாசம் நிறைந்திருந்தது.

"அவ அங்க தனியவா இரிக்கா?"

நஜ்லாவால் பொய் சொல்ல முடியவில்லை. "ஓம்."

"அப்ப சொல்லு மகள். கடைசி மட்டும் சொல்லு."

நஜ்லா சொன்னாள். தண்ணீர்ப் போத்தலைச் சொன்னாள். கதவுக்குக் கீழே வந்த வெளிச்சத்தைச் சொன்னாள். மைமூனா மெல்லச் சரிந்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தாள். அவள் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசிச் சொல்லைச் சொல்லி முடித்தபோது நஜ்லா நேராக நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேல் ஒன்றும் இல்லை.

"உம்மா?"

"நீங்க போங்க" என்றாள் மைமூனா, திரும்பிப் பார்க்காமல்.

நஜ்லா போனாள். அதை நினைத்து இன்றைக்கும் அவள் அழுவதுண்டு. ஆனால் அன்று வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கியபோது அவள் ஓடினாள்.

எட்டு நாள் கழித்து சுபைறா தொலைபேசியில் அழைத்தாள். "உடன வாங்க புள்ள. அவ அந்த அறைய விட்டு வாறா இல்ல. நாலு பேர் சேர்ந்து தூக்கியும் பார்த்தாங்க. வாசலுக்கு வந்தா உடம்பு நகருதில்ல. ஓதித் தண்ணியும் குடுத்துப் பார்த்தம்."

"சாப்பிடுறாவா?"

"சாப்பிடுறா. ரெண்டு கோப்பை சோறு கேக்கா. ரெண்டும் வெறுங் கோப்பையாத்தான் திரும்பி வருது."

நஜ்லா போனபோது பட்டப்பகல். அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. மைமூனா பாயின் ஓரத்தில், இடமில்லாத இடத்தில் ஒடுங்கி இருப்பதுபோல் கால்களை மடக்கி இருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். முகம் தெளிந்து, பத்து வயது குறைந்தவள்போல் தெரிந்தாள். பழைய பத்திரிகை ஒன்றை மடித்து, பாயின் மற்றப் பாதியைப் பார்த்து விசிறிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாதியில் ஒரு தலையணையும், நெசவுப் போர்வை ஒன்றும் விரித்துக் கிடந்தன. வேறொன்றும் இல்லை.

"உம்மா" என்று நஜ்லா கூப்பிட்டாள்.

மைமூனா விரலை உதட்டில் வைத்தாள்.

"மெல்லக் கதைங்க, புள்ள" என்று கிசுகிசுத்தாள். "இப்பதான் கண்ணயந்தா."

நஜ்லா கீழே பார்த்தாள்.

தலையணையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதற்குக் கீழே அந்தப் போர்வை மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.