நீளமான பெயர்கள்

காலை பதினோரு மணிக்கு அந்த ஆலையின் கணினி அறைக்குள் போனேன். ஜன்னல் இல்லாத அறை. சுவருக்கு அந்தப் பக்கம் கொதிகலன் கூடம்.

அங்கேதான் மூன்றாம் கொதிகலன் வெடித்து என் தம்பி செத்தான். இரண்டு மாதம் ஆகிறது. வேலையில் தூங்கிவிட்டான் என்று எழுதி மூடிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் வேலை நேரத்தில் தூங்கியவன் எவனும் கிடையாது. கொதிகலன் பழுதென்று அவன் எச்சரித்து எழுதிய பதிவு இல்லாமல் வீடு திரும்புவதில்லை என்று வந்திருந்தேன்.

மேற்பார்வையாளர் கொட்டாவி விட்டபடி திரையில் பதிவுக் கோப்புகளின் பட்டியலைக் காட்டினார்.

லாக். லாக்-புதுசு. லாக்-கடைசி. லாக்-கடைசி-நிஜமா.

நாய்க்குக்கூட இதைவிட யோசித்துப் பெயர் வைப்பார்கள்.

தம்பி வைக்கும் பெயரில் கொதிகலன் எண், தேதி, மணி, நடந்தது, உடனிருந்த ஆள் எல்லாம் இருக்கும். கோப்பைத் திறக்கவே வேண்டியதில்லை. அவையெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"ரொம்ப நீளமா இருந்துதுங்க ஐயா. நான்தான் எல்லாத்தையும் 'லாக்'னு சுருக்கினேன். ஒரே பேரு பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, பழசு அழிஞ்சுபோச்சு."

தேநீர் சிந்திவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

"என் தம்பி மானத்தையும் சேர்த்துச் சுருக்கிட்டீங்க."

அப்போதுதான் அந்த வாடை வந்தது. முதலில் நீராவி. பிறகு கருகிய துணி.

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

எங்கள் இருவர் கையும் அதன்மேல் இல்லை.

'லாக்-கடைசி' என்ற பெயர் எழுத்தெழுத்தாக நீண்டது. கொதிகலன் மூன்று. விபத்து நாள். மதியம் இரண்டு பத்து. வால்வு அடைப்பு, மூன்று முறை சொன்னேன். மேற்பார்வையாளர்.

"ரெண்டு விரலாலதான் அடிப்பான்," என்று அவர் முணுமுணுத்தார். "அதே சத்தம்ங்க."

திறந்தேன். அழிந்ததாகச் சொன்ன பதிவு முழுதாக உள்ளே இருந்தது. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு எழுந்தேன்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

பட்டியலில் புதிதாக ஒரு கோப்பு. கொதிகலன் நான்கு. இன்றைய தேதி. பதினொன்று இருபத்தைந்து. மேற்பார்வையாளர்.

நடந்தது என்ற இடம் மட்டும் காலி.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தொன்று.

"என்னங்க ஐயா இது?"

"பேரு தெளிவாத்தானே இருக்கு," என்றேன்.

எங்கள் குடும்பத்தில் யாரும் ஓடுவதில்லை. நடந்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, அந்த மனிதர் பழக்கதோஷத்தில் அதையும் 'லாக்' என்று சுருக்கிக்கொண்டிருந்தார்.

அது மறுபடி நீண்டது.

இந்த முறை, காலியாக இருந்த இடமும் நிரம்பிக்கொண்டு வந்தது.