இரண்டாயிரத்துக்கு இறங்கினால்

"நீ வகுப்பில இருக்கக்குள்ள உன்ட பங்கை ஆரு விக்கிற?" என்று டினோஷா கேட்டாள்.

அவளுடைய அக்கா சுலக்ஷனா வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். சேமித்த காசில் ஒரு கம்பனியின் பங்குகள் கொஞ்சம் வாங்கியிருந்தாள்.

"ஒருத்தரும் வேணாம். விலை நூறு ரூபாவுக்கு இறங்கினா வித்திரு எண்டு முதல்லயே கட்டளை போட்டிருக்கன். அதுக்கு 'ஸ்டொப் லொஸ்' எண்டு பேர். நட்டம் கூடாம நிப்பாட்டும்."

"அப்ப நூறு ரூபா கட்டாயம் கிடைக்குமா?"

"கிடைக்கத்தானே வேணும்," என்றாள் அக்கா, கைபேசியைப் பார்த்தபடியே.

டினோஷாவுக்கு இது பிடித்துப்போனது. அவள் வாவியில் வைத்த கூட்டில் மூன்று பெரிய நண்டுகள் விழுந்திருந்தன. அவற்றை விற்றுத்தான் அப்பாவின் கிழிந்த வலைக்கு நூல் வாங்க வேண்டும். கொழும்பு லொறி வந்தால் ஏலத்தில் விலை ஏறும். ஆனால் லொறி வரும் நேரத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.

கரையில் ஏலம் கூறும் மஜீட் நானாவிடம் நண்டுகளை ஈரச் சாக்கில் போட்டுக் கொடுத்தாள்.

"லொறி வரும்வரைக்கும் வைச்சிருங்க நானா. கிலோ ரெண்டாயிரத்துக்கு இறங்கினா மட்டும் உடனே வித்திருங்க."

"சரி மகள். நீங்க படிக்கப் போங்க."

பள்ளி விட்டதும் ஓடி வந்தாள்.

"ஆயிரத்தி ஐந்நூறுதான் கிடைச்சிச்சு," என்றார் நானா.

"நான் ரெண்டாயிரம் எண்டுதானே சொன்னன்!" டினோஷாவின் கண் கலங்கியது.

"இறங்கினா விக்கச் சொன்னீங்க. விலை ரெண்டாயிரத்தி நூறில நிண்டிச்சு. திடீரெண்டு நாலு தோணி நண்டு வந்திச்சு. அடுத்த ஆள் கேட்டதே ஆயிரத்தி ஐந்நூறுதான். நடுவில ஒருத்தரும் கேக்கல்ல."

விலை படிப்படியாக இறங்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அது குதித்துவிட்டது.

"அங்கால பாலத்தடியில நடக்கிற மற்ற ஏலத்தில என்ன விலை?"

"அங்க ஆயிரத்தி தொளாயிரமாம்." நானா தலையைச் சொறிந்தார். "நான் அங்கயும் கேட்டிருக்கலாம்."

"இல்ல நானா. நான் சொன்னபடிதான் நீங்க செஞ்சீங்க. நான்தான் அரைகுறையாச் சொல்லிட்டன்."

கிடைத்த காசுக்கு வந்த நூலில் பாதி வலைதான் தைக்க முடிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி மூன்று நண்டுகள். இந்த முறை டினோஷா விரல் மடித்துச் சொன்னாள்.

"ரெண்டாயிரத்துக்கு இறங்கினா வில்லுங்க. ஆனா முதல்ல பாலத்தடிக்கும் போன் போடுங்க. எங்க கூடவோ அங்க குடுங்க. ஆயிரத்தி எண்ணூறுக்குக் கீழ மட்டும் குடுக்கவே வேணாம்."

"நண்டுதானே புள்ள விக்கிற? கப்பல் இல்லையே?" என்று ஒரு வியாபாரி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மஜீட் நானா மட்டும் கவனமாகத் தலையாட்டினார்.

மாலையில் சாக்கு அங்கேயே இருந்தது. உள்ளே கறகறவென்று சத்தம்.

"ரெண்டு இடத்திலயும் ஒரேயடியா ஆயிரத்தி ஐந்நூறுக்குப் போயிட்டு. நீங்க சொன்னபடி விக்கல்ல."

இந்தக் கட்டளையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. விலை கெடாது, ஆனால் பொருள் விற்காமலே கிடக்கும். டினோஷா சாக்கை வீட்டுக்குத் தூக்கிப் போனாள். இரவு இரண்டு தடவை எழும்பித் தண்ணீர் தெளித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. அவளே ஏலத்தில் நின்றாள். லொறி வந்தது. இரண்டு நண்டுகள் கிலோ இரண்டாயிரத்தி நூறுக்குப் போயின. மீதி வலைக்கு நூல் வந்தது. கால் உடைந்த மூன்றாவது நண்டை ஒருவரும் கேட்கவில்லை. அது மத்தியானம் கறியானது.

நடந்ததையெல்லாம் கேட்ட அக்கா, நண்டுக் காலைக் கடித்தபடி யோசித்தாள்.

"அப்ப எந்தக் கட்டளைதான் சரி?"

"விக்கிற சாமானைப் பொறுத்தது. விலைபோகாட்டி நண்டைத் தின்னலாம். உன்ட பங்கைக் கறி வைக்க ஏலுமா?"

அக்கா மெல்வதை நிறுத்தினாள். கையைக் கழுவிவிட்டு வந்து, கைபேசியில் தன் நூறு ரூபாக் கட்டளையைத் திறந்து முதலிலிருந்து வாசித்தாள்.

மிச்சக் கறியை டினோஷா தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.