மூன்று நங்கூரங்கள்

எலும்பு சிகிச்சை வார்டுக்குத் தபால்காரம்மா வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. நாலு கட்டில் போட்ட அறை; நாலும் காலி. ஜன்னலோரக் கட்டிலை அவளுக்குக் கொடுத்தார்கள். கூட வந்த தங்கை பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வெந்நீர் பிடிக்கப் போனாள்.

பதினெட்டு வருஷமாக அதே நாலு தெருவுக்குக் கடிதம் கொடுத்தவள். பை தொங்குவது எப்போதும் வலது தோளில்தான். அந்தத் தோள்தான் இப்போது உள்ளே கிழிந்து கிடந்தது.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், எலக்ட்ரீஷியனான அவள் புருஷன், குடியிருந்த கட்டிடத்தின் மொட்டைமாடியில் குனிந்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடி. கைப்பிடிச் சுவர் பெயர்ந்தது. டீ கொண்டுவந்த அவள் டம்ளரைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவரும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கையில் கனம் இல்லை.

"விட்டுட்டேன்." யார் துக்கம் கேட்க வந்தாலும் அந்த ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

அறுவை சிகிச்சை செய்யப்போகும் டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒரு சின்னச் சாமானை வைத்துக் காட்டினார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய திருகாணி. அதன் வாலில் நீல நூல்.

"இதுக்கு நங்கூரம்னு பேரு. எலும்புல ஓட்டை போட்டு இறக்குவோம். இந்த நூலால, கிழிஞ்ச தசைநாரை இழுத்து எலும்போட சேர்த்துத் தைப்போம். மூணு போடணும்."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர், இது முன்னாடியே என் தோள்ல இருந்திருந்தா அவரைத் தாங்கியிருக்குமா?"

டாக்டரம்மா உள்ளங்கையை மூடிக்கொண்டார். "எந்தத் தோளும் தாங்காதும்மா," என்றார்.

கழுத்தில் ஊசி போட்டுக் கை முழுவதையும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். சிகிச்சை முடிந்து அவளைத் திரும்பக் கட்டிலுக்குக் கொண்டுவந்தபோது மணி நாலு. வெளியே மழை இருட்டியிருந்தது. கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் கிடந்த கை தன்னுடையது போலவே இல்லை. நர்ஸ் விரலைக் கிள்ளிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்குக் காலை வரைக்கும் இப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க."

நர்ஸ் போனாள். தங்கை மருந்து வாங்கக் கீழே இறங்கினாள். மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அதற்குள்ளே மெல்ல ஒரு வாசனை வந்தது. ஈயம் பற்றவைத்த புகை. வேலை முடிந்து அவர் வீட்டுக்குள் நுழையும்போது சட்டையில் வரும் அதே வாசனை.

அவள் மணிக்கட்டில் ஏதோ பட்டது.

குளிர்ந்த விரல்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வளைத்தன.

மரத்துப்போன கை அது.

கை தூளியை விட்டு நழுவிக் கட்டிலுக்கு வெளியே இறங்கியது. கட்டிலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான். அந்த ஒரு முழத்துக்குள் ஒரு முழு ஆள் தொங்குகிற கனம்.

"ஏங்க," என்றாள் அவள்.

மருந்தோடு திரும்பி வந்த தங்கை, கை தொங்குவதைக் கண்டு அலறினாள். கனம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. தங்கை வேலைக்குப் போனதும், மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு, அந்த வாசனை வரும். பிறகு விரல்கள். முதல் நாள் அவள் போர்வைக்குள் நடுங்கினாள். மூன்றாம் நாள் வாசனை வருவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்து தலை சீவிக்கொண்டாள். தானே தூளியைக் கழற்றிக் கையைக் கட்டிலோரம் தொங்கவிட்டாள். ஒரு டம்ளர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா எச்சரித்திருந்த கை. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே பேசுவாள். சம்பளம் வந்தது, குழாய் ஒழுகுவது, எதிர்வீட்டு லைட் இன்னும் எரியாதது எல்லாம். உயிரோடு இருந்தபோது அவர் தினமும் கேட்பார்: "ஏய் தபாலு, ஊருக்கெல்லாம் கொண்டுபோய்க் குடுக்குற, எனக்கு ஒரு கடுதாசி உண்டா?" இப்போது அந்தக் குரல் இல்லை. பிடி மட்டும்தான்.

தங்கைதான் முதலில் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி நீலம் பாரித்த தடங்கள். நாலு விரல், ஒரு கட்டைவிரல்.

"அக்கா, இது யாரு கை?"

அவள் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

இரண்டாம் வாரம் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துக் கோபப்பட்டார். "என்னத்தம்மா தூக்குனீங்க? நங்கூரம் அப்படியேதான் இருக்கு. நூல்தான் நாரை அறுத்துக்கிட்டு வருது. இன்னொரு தடவை இப்படிக் கனம் விழுந்தா, மறுபடி தைக்க அங்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. கை போயிடும்."

மறுநாள் மத்தியானம் அவள் கதவைத் தாழ் போட்டாள். தூளியைக் கழற்றி மூலையில் எறிந்தாள். கட்டிலில் குப்புறப் படுத்துக் கையை இறக்கினாள்.

"வாங்க," என்றாள். "கை போனா போகட்டும். இந்தத் தடவை விட மாட்டேன்."

விரல்கள் வந்தன.

கனம் இறங்கியது. தோளுக்குள் நூல் இழுபட்டது. கண் இருண்டது. அவளும் விரல்களை மடக்கிப் பிடித்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணிக்கட்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. பழக்கப்பட்ட பருமன்.

பிறகு அவர் சுண்டுவிரல் எழுந்தது.

அடுத்து மோதிரவிரல்.

"வேண்டாம்."

நடுவிரல். ஆள்காட்டி விரல். கடைசியாக அந்த மணிக்கட்டு அவள் பிடிக்குள்ளேயே மெதுவாகத் திரும்பி, தன்னை உருவிக்கொண்டது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அன்று மொட்டைமாடியிலும் இப்படித்தான் திரும்பியது. அவள் கை திறக்கவே இல்லை. ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் மூடிய அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவள் விடவில்லை. தோள் கிழிந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். அவர்தான் விட்டார்.

"பாவி மனுஷா," என்று தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். "ரெண்டு தடவையுமா?"

அதற்கப்புறம் அவர் வரவில்லை. அவள் தினமும் இரண்டு மணிக்குக் கையைத் தொங்கவிட்டுக் காத்திருந்தாள். கை காற்றாக லேசாக இருந்தது. அந்த லேசைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தோள் ஆறியது. டம்ளர் தூக்கினாள், பிறகு குடம் தூக்கினாள். தங்கை சந்தோஷப்பட்டாள். இவள் சாப்பிடவே மறந்தாள்.

மூன்றாம் மாதம் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். கனத்த கதவு போட்ட சின்ன அறை. எக்ஸ்ரேக்காரர் அவளைப் பலகையோடு சேர்த்து நிறுத்தி, கண்ணாடிக்குப் பின்னால் போனார்.

"மூச்சைப் பிடிங்க. ஆங், விடுங்க."

கண்ணாடிக்குப் பின்னால் அவர் திரையை நோக்கிக் குனிந்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"பின்னாடி யாரும்மா நின்னது?"

"யாரும் இல்லையே."

அவர் பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சுவர்தான். அவளைத் திரைக்கு அழைத்துப்போனார். தோள் எலும்பில் மூன்று நங்கூரங்களும் வெள்ளையாகத் தெரிந்தன. அவற்றின் மேல், பின்னாலிருந்து வந்து படிந்த மாதிரி, ஒரு கையின் விரல் எலும்புகள்.

தொங்கவில்லை. இழுக்கவும் இல்லை. தோளைத் தாங்கிப் பிடித்திருந்தன.

அவள் திரையைத் தொட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், அவர் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது.

"மெஷின் கோளாறா இருக்கும்," என்றார் எக்ஸ்ரேக்காரர். "இன்னொண்ணு எடுத்துடலாம். அசையாம நில்லுங்க."

அவள் அசையாமல் நின்றாள்.

இரண்டாவது படத்தில் விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகியிருந்தன.