இமை தைத்த புறா

கூண்டிலிருந்த புறாவின் இமைகளில் நூல் சிவப்பாக இருந்தது. ராஜப்பா தைத்தது கறுப்பு நூலால்.

நேற்றுத்தான் தடித்த விரல்களோடு தடுமாறித் தைத்திருந்தான். இமைகளைத் தைத்துவிட்டால் புறா பறக்காது. வைத்த இடத்திலேயே முனகிக்கொண்டிருக்கும். அந்தக் குரலை நம்பி மற்றவை வலைக்குள் வந்து இறங்கும். தைக்கிற வேலை எப்போதும் கூட்டாளி சின்னசாமியுடையது. மடியில் சிவப்பு நூலுண்டை வைத்திருப்பான். "ஆடாத கண்ணு, ஊசி வழுக்கிடும்" என்று பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டே தைப்பான். எட்டு நாளைக்கு முன், தங்கம் தீர்ந்து கைவிட்ட பழைய சுரங்கக் குழிக்குள், ஷாஃப்டுக்குள், அவன் விழுந்தபோது அந்த நூலுண்டையும் அவனோடு போய்விட்டது. அடியில் ஆழம் தெரியாத தண்ணீர். உடல் கிடைக்கவில்லை.

கயிறு அறுந்துவிட்டதென்று ராஜப்பா ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லியிருந்தான்.

நாளை துரைமார் கிளப்பில் புறா சுடும் போட்டி. நாற்பது புறா கொண்டுபோனால், வேட்டையில் துரைக்குத் துப்பாக்கி சுமக்கும் வேலை அவனுக்கு. சின்னசாமிக்கென்று பேசி வைத்திருந்த வேலை அது. ஆனால் புறாக்கள் அடைகிற அந்த ஷாஃப்ட் என்றதும் கயிறு பிடிக்க ஒருவனும் வரவில்லை. கடைசியில் வந்தது சின்னசாமியின் மனைவி சம்பங்கி.

"ராட்டினம் நான் சுத்துறேண்ணா. எனக்கும் வவுறு கீதே."

பொழுது சாயும் நேரம். புறாக்கள் அடையும் நேரம். ராட்டினம் கிறீச்சிட, இடுப்பில் கயிறும் மார்பில் கூண்டுமாக அவன் இறங்க இறங்க, சாம்பியன் ரீப்ஸ் சுரங்கப் பக்கத்து ஆலைச் சத்தம் தேய்ந்து, ஈரப் பாறையின் வாடையும் எச்சத்தின் காரமும் மூக்கிலேறி, வானம் ஒரு வெண்கலத் தட்டளவு சுருங்கியது. இரண்டு முறை இழுத்தால் மேலே தூக்க வேண்டும். சின்னசாமி இறங்கிய அன்றும் கயிறு இரண்டு முறை இழுபட்டது. ராஜப்பா அதில் கத்தியை வைத்த பிறகு.

பாறை விளிம்பில் கால் ஊன்றினான். வலையை விரித்து, நடுவில் புறாவை வைத்தான்.

அது முனகவில்லை.

ஆனாலும் மற்றவை வந்தன. சிறகடிப்பு மட்டும். ஒரு குரல்கூட இல்லை. ஒன்று, ஐந்து, இருபது. வலையின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்தன. அருகிலிருந்ததைக் கையிலெடுத்தான். தலையில் ஏதோ நெருடியது. தீக்குச்சியைக் கிழித்தான்.

சிவப்பு நூல்.

அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். தைத்த இமைகளோடு எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

கயிற்றை இரண்டு முறை இழுத்தான்.

"இன்னாண்ணா, அதுக்குள்ளயா?" மேலே சம்பங்கியின் தலை கறுப்பாகத் தெரிந்தது.

"தூக்கும்மா! சீக்கிரம்!"

"அன்னிக்கி அவரும் ரெண்டு தரம் இழுத்தாரா?"

"சம்பங்கி..."

"தானா அறுந்த கயித்துல பிசிறு இருக்கும். நீ கொண்டாந்து குடுத்ததுல பிசிறே இல்ல." அவள் குரல் உயரவேயில்லை. "கூண்டுகிட்ட ராத்திரி அவரு குரல் கேட்டுச்சி. புறாகிட்ட பேசிக்கினு இருந்தாரு. உன்னையும் கேட்டாரு."

கயிறு தளர்ந்தது. சுருள் சுருளாக அவன் தோளில் வந்து விழுந்தது. முழுக் கயிறும்.

கடைசித் தீக்குச்சி விரலைச் சுட்டு அணைந்தது.

இருட்டு. கீழே தண்ணீர் அலம்பியது. பிறகு பாறையில் ஈரக்கை பதியும் சத்தம். ஒன்று. இன்னொன்று. நெருங்கி. அவன் பாறையோடு முதுகை ஒட்டினான். புறாக்கள் விலகி வழிவிட்டன.

சில்லென்ற ஒரு கட்டைவிரல் அவன் இடது இமையை மெல்ல மூடிப் பிடித்தது.

"ஆடாத கண்ணு. ஊசி வழுக்கிடும்."