ஆயுளுக்கு ஒரு காய்ச்சல்

காலையில் எழுந்ததும் மிருதுளா செய்வது ஊரே செய்வதுதான். வாசலில் பால் பாக்கெட்டோடு வந்து கிடக்கும் காப்பொட்டைப் பிரித்து, இடது தோளில் நேற்றையதை உரித்துவிட்டு இன்றையதை ஒட்டிக்கொள்வாள். நெற்றிப் பொட்டைவிடக் கொஞ்சம் பெரியது. காற்றில் புதிதாக எந்தக் கிருமி கிளம்பியிருக்கிறதோ அதற்கான தூதுச்சரம் ஒட்டின் வழியே உடம்புக்குள் இறங்கும். அவளுடைய சின்ன வயதில் அதை எம்.ஆர்.என்.ஏ. என்று வாய் வலிக்கச் சொன்னார்கள். சற்று நேரத்தில் சுவர்த்திரை, "நீங்கள் நலம்" என்று சொல்லும். யாரும் கேட்காமலே சொல்லும்.

அன்றைக்கு மிருதுளா ஒட்டைப் பிரிக்கவில்லை. அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு பையில் இரண்டு புடவையும் துண்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அறுபத்திரண்டு வயதில் அவளுக்கு அவசரமாக ஒரு காய்ச்சல் தேவைப்பட்டது.

எல்லாரும் எப்போதும் நலம் என்று ஆனபின், ஒருவரைப் பார்த்து "சௌக்கியமா?" என்று கேட்பது "மூக்கு இருக்கா?" என்று கேட்பதுபோல ஆகிவிட்டது. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்பது தமிழ்நாட்டில் படித்த அத்தனை பேரும் பிழையில்லாமல் எழுதிய ஒரே ஆங்கில வாக்கியம். அதுவும் போயிற்று. மிருதுளா அதற்காகவெல்லாம் அழுகிறவள் இல்லை. மூன்றாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் டெங்குவில் போனது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது ஒழிந்தது நல்லதுதான். ஆனால் நோயை ஒழித்த மேதைகள் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத உறவுகள் அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகேதான் ஒட்டின. "முடியலைன்னு கேள்விப்பட்டேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். கையில் ஒரு பை சாத்துக்குடி இருந்தால் எப்பேர்ப்பட்ட ரோஷக்காரனும் தலை குனியாமல் உள்ளே வந்துவிடலாம்.

அவள் தம்பி சஞ்சித் ரோஷக்காரன். மிருதுளாவின் மகள் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் மாமன் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுவிட்டு, சொந்தத் தாய்மாமன் பெயருக்குப் பின்னால் எம்.டெக்.கை விட்டுவிட்டார்கள். அவன் மண்டபத்து வாசலில் நின்று கேட்டான். அவளும் சும்மா இருந்திருக்கலாம். "எம்.டெக். படிச்சு என்னத்தக் கிழிச்ச?" என்று கேட்டுவிட்டாள். கை நனைக்காமல் போனவன்தான். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். அதுதான் பிரச்சினை. ஒருவரை ஒருவர் போய்ப் பார்க்க ஒரு காரணமும் வாய்க்கவில்லை.

அழகர்கோவில் சாலையில் அவள் போய் இறங்கிய இல்லத்தின் வாசலில், 'உறவுநிலை மீட்டெடுப்புக்கான கட்டுப்படுத்தப்பட்ட வெப்ப அனுபவ மையம்' என்று எழுதியிருந்தது. ஆட்டோக்காரர் அதைக் காய்ச்சல் கடை என்றார். தலைமை மருத்துவர் பிரணவ், அணை திறந்துவைக்கிற மந்திரிபோல நெடுநேரம் பேசினார். அதில் அவளுக்குத் தேவையானது இவ்வளவுதான்: மூக்கில் சுரச்சொட்டு விடுவார்கள், இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், அவள் சொல்லும் ஒருவருக்கு உடனே செய்தி போகும். சட்டப்படி ஓர் ஆளுக்கு ஆயுளில் ஒரே ஒரு முறைதான்.

செவிலி வந்து, சட்டத்தில் யாரும் திருத்த மறந்துபோன பழைய கேள்வியைக் கேட்டாள்.

"கூட யாரு வந்திருக்கீங்க?"

"யாருமில்லம்மா. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

சொட்டு விட்டார்கள். செய்தியும் போனது. சாயங்காலம் ஆயிற்று, பொழுது விடிந்தது, கட்டிலுக்கு எதிரே இருந்த திரை பச்சை எழுத்தில் 98.4 என்று காட்டியதைக் காட்டியபடியே இருந்தது. பிரணவ் வந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். இத்தனை வருஷம் ஒட்டு ஒட்டியதில் அவள் உடம்பு எல்லா வேஷத்தையும் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டதாம், சொட்டு உள்ளே போனதுமே அடித்து விரட்டிவிட்டதாம், பத்தாயிரத்தில் ஒருவருக்கு வாய்க்கிற பாக்கியமாம். கைகுலுக்கவும் செய்தார். இன்னொரு முறை விட முடியுமா என்று கேட்டதற்கு, சட்டத்தைக் காட்டினார்.

அவர் போனதும், தம்பி கோயம்புத்தூரில் வண்டி ஏறிவிட்டதாகச் செவிலி சொன்னாள்.

மிருதுளா எழுந்து உட்கார்ந்தாள். யார் நம்பினாலும் அவன் நம்பமாட்டான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட அவள் அக்குளில் வெங்காயத்தை இடுக்கிக்கொண்டு படுக்கும்போதெல்லாம், கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடே இல்லம்மா, சும்மா நடிக்கிறா" என்று அம்மாவிடம் போட்டுக்கொடுத்தவன் அவன். இப்போதும் வந்து கைவைப்பான். கூப்பிட்டு ஏமாற்றினாள் என்று போய்விடுவான். அப்புறம் இந்த ஜென்மத்துக்குக் கிடையாது.

சமையலறையில் வெங்காயம் கேட்டாள். பொடிதான் இருந்தது. சூடான காபித் தம்ளரை நெற்றியில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். திரையை அணைக்க வழி தெரியாமல் துண்டை எடுத்து அதன்மேல் போட்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் படுத்தபோது கதவு திறந்தது.

சஞ்சித்துக்குத் தலை முழுக்க நரைத்துப் போயிருந்தது. ஒரு கையில் சாத்துக்குடிப் பை. இன்னொரு கையில் ரொட்டிப் பாக்கெட்டும் ஹார்லிக்ஸும். அதை இன்னும் எந்தக் கடையில் விற்கிறார்களோ.

"முடியலைன்னு கேள்விப்பட்டேன்," என்றான் சுவரைப் பார்த்து.

"ம்," என்றாள் அவள்.

பையை மேசையில் வைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான், உட்காரவில்லை. கட்டிலருகே வந்து புறங்கையை நெற்றியில் வைத்தான். பிறகு கழுத்தில். தம்ளர் சூடு அதற்குள் ஆறியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கை அங்கேயே இருந்தது. ரொம்ப நேரம் அவன் அதை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் துண்டு சரிந்து கீழே விழுந்தது. அவள் கண் திறந்தபோது அறையெல்லாம் பச்சை வெளிச்சம். 98.4.

சஞ்சித் திரும்பித் திரையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். மெதுவாகக் குனிந்து துண்டை எடுத்து, ஓர் உதறு உதறி, இந்த முறை விழாதபடி நாலு மூலையும் செருகித் திரையை மூடினான்.

"டேய், அது வந்து..."

"எம்.டெக். படிச்சவன் சொல்றேன்," என்றபடி உட்கார்ந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உரிக்கத் தொடங்கினான். "நல்லாக் கொதிக்குது. பேசாமப் படுக்கா."